ஆசியாவில் சந்தா ஓடிடி சேவைகளின் வளர்ச்சி

மாதச் சந்தா செலுத்தி, இணையம் வழியாகத் திரைப்படங்களையும் தொடர்களையும் விரும்பிய நேரத்தில் பார்க்கும் சேவையைத் தமிழில் பொதுவாக ஓடிடி என்கிறோம். ஆசியாவின் பெரும்பாலான நாடுகளில் இது வேர்பிடித்தது 2015-க்குப் பிறகுதான். சீனா விதிவிலக்கு. அங்கே யூக்கூ 2006-லும், ஐச்சியீ 2010-லும் காணொளித் தளங்களாகத் தொடங்கப்பட்டன. நெட்ஃபிளிக்ஸ் போன்ற வெளிநாட்டுச் சேவைகள் நுழைய முடியாத அந்தச் சந்தையில், ஐச்சியீயின் சந்தாதாரர் எண்ணிக்கை 2019 ஜூனில் 10 கோடியைத் தாண்டியது.

தொடக்கம்

2015-ஆம் ஆண்டில் பல சேவைகள் அடுத்தடுத்து வந்தன. சிங்கப்பூரில் சிங்டெல் தொலைபேசி நிறுவனம் சோனி, வார்னர் பிரதர்ஸ் ஆகியவற்றுடன் சேர்ந்து ஹூக் என்ற சேவையைத் தொடங்கியது. கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஃபிளிக்ஸ் மலேசியாவிலும் பிலிப்பைன்சிலும் அறிமுகமானது. ஹாங்காங்கிலிருந்து வியூ வந்தது. இந்தியாவில் உலகக் கோப்பை கிரிக்கெட்டை ஒட்டி ஹாட்ஸ்டார் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் அந்த ஆண்டு செப்டம்பரில் ஜப்பானில் கால் வைத்தது. 2016 ஜனவரி 6 அன்று ஒரே நாளில் இந்தியா உட்பட 130 நாடுகளுக்குச் சேவையை விரித்தது. அதே மாதத்தில் இந்தோனேசிய அரசு நிறுவனமான டெல்கொம், உரிமமும் தணிக்கையும் இல்லை என்று கூறித் தன் வலையமைப்பில் நெட்ஃபிளிக்ஸைத் தடுத்தது. அந்தத் தடை 2020 ஜூலையில்தான் நீங்கியது.

விலை என்னும் சிக்கல்

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, படம் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு இப்பகுதியில் குறைவே இல்லை என்பதை. பணம் கட்டும் வழிதான் இல்லை. கடன் அட்டை வைத்திருப்போர் சிலரே. பெரும்பாலோர் கைப்பேசிக்கு அவ்வப்போது ரீசார்ஜ் செய்து கொள்பவர்கள். ஹூக்கும் ஐஃபிளிக்ஸும் இதைச் சரியாகவே புரிந்துகொண்டன. தொலைபேசி நிறுவனங்களோடு கைகோத்து, கைப்பேசி இருப்பிலிருந்தே சந்தாவைக் கழித்துக்கொள்ள ஏற்பாடு செய்தன. சந்தாவையும் குறைத்தே வைத்தன. பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே கணக்குதான் இது.

ஆனால் ஷாம்புக்குச் சரிவந்தது இதற்கு வரவில்லை. சிறு சிறு தொகையாக வந்த வருமானம், படங்களின் உரிமைக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்குப் போதவில்லை. படத் தயாரிப்பு நிறுவனங்களோ இடைத்தரகர் இல்லாமல் தாங்களே பார்வையாளரிடம் நேரடியாகப் போகத் தொடங்கின. 2020 மார்ச்சில் ஹூக் கலைப்புக்கு விண்ணப்பித்து, ஏப்ரல் 30 அன்று சேவையை நிறுத்தியது. ஊரடங்கில் மக்கள் வீட்டில் அடைந்து கிடந்து படம் பார்த்த மாதம் அது! ஐஃபிளிக்ஸ் அதே ஆண்டு ஜூனில் சீனாவின் டென்சென்ட் கைக்குப் போனது.

இந்தியாவில் கதை வேறு விதமாக நகர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கைப்பேசி இணையத்தின் விலை சரிந்தது. காணொளி பார்க்கும் செலவு குறைந்ததே தவிர, சந்தா கட்டும் மனம் அதே வேகத்தில் வளரவில்லை. தொடக்கத்தில் மாதம் 500 ரூபாய் கேட்ட நெட்ஃபிளிக்ஸ், 2019 ஜூலையில் கைப்பேசிக்கு மட்டுமான 199 ரூபாய்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் அதையும் 149 ஆக்கியது. உலகெங்கும் விலையை ஏற்றிக்கொண்டே போன நிறுவனம் இங்கே இறங்கி வந்தது.

இன்னும் தெளிவான சான்று கிரிக்கெட். 2023 முதலான ஐந்து ஆண்டுகளுக்கு ஐபிஎல் இணைய ஒளிபரப்பு உரிமையை வயாகாம் 18 நிறுவனம் வாங்கியது. 2023-ல் ஜியோசினிமாவில் போட்டிகள் இலவசமாகவே காட்டப்பட்டன. 2022 அக்டோபரில் 6.13 கோடியாக இருந்த டிஸ்னி ஹாட்ஸ்டார் சந்தாதாரர் எண்ணிக்கை 2023 ஜூலைத் தொடக்கத்தில் 4.04 கோடியாகச் சுருங்கியது. அத்தனை பேரும் சந்தா கட்டியது தொடர்களுக்காக இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று.

உள்ளூர்க் கதைகள்

தென்கொரியாவில் நெட்ஃபிளிக்ஸ் 2019-ல் கிங்டம் தொடரை வெளியிட்டது. 2021 செப்டம்பரில் வந்த ஸ்குவிட் கேம் உலகையே பார்க்க வைத்தது. அதன் இயக்குநர் ஹுவாங் டோங்-ஹியுக் 2009 வாக்கிலேயே கதையை எழுதி வைத்திருந்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அதை யாரும் எடுக்க முன்வரவில்லை. முன்வந்த நெட்ஃபிளிக்ஸிடமே தொடரின் உரிமையும் தங்கிவிட்டது. உலக வெற்றியின் லாபத்தில் படைத்தவர்க்குப் பங்கு எவ்வளவு என்ற விவாதம் கொரியாவில் எழுந்தது இதனால்தான். 2023 ஏப்ரலில், நான்கு ஆண்டுகளில் கொரியப் படைப்புகளுக்கு 250 கோடி டாலர் செலவிடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

தமிழில் 2020 மே மாதம் பொன்மகள் வந்தாள் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானபோது திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்த நவம்பரில் சூரரைப் போற்று படமும் அதே வழியில் வந்தது.

அண்மைக் காலத்தில் நிறுவனங்கள் இணைவது கூடியிருக்கிறது. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் என்ற பெயரில் இயங்கத் தொடங்கின.