உள்ளாட்சி ஆவணங்களைப் பெறும் உரிமை

உள்ளாட்சி ஆவணங்களைப் பெறும் உரிமை என்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளிடம் உள்ள பதிவேடுகள், கோப்புகள், கணக்குகள் முதலியவற்றைப் பொதுமக்கள் பார்வையிடவும் நகல் பெறவும் சட்டம் வழங்கியுள்ள உரிமை ஆகும். இந்தியாவில் இவ்வுரிமை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவே பெரும்பாலும் பயன்படுத்தப்படுகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் ஆவணம் கோரும் நடைமுறையை முதன்மையாக விளக்குகிறது. இறுதியில் இலங்கையின் நடைமுறை சுருக்கமாகத் தரப்பட்டுள்ளது.

வரலாறு

குடிமக்களுக்கு அரசின் செயல்களை அறியும் உரிமை உண்டு என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1975ஆம் ஆண்டிலேயே, உத்தரப் பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் இடையிலான வழக்கில் கூறிவிட்டது. எனினும் அந்த உரிமையை அலுவலக மேசை வரை கொண்டு சென்றவர்கள் இராசத்தானின் கூலித் தொழிலாளர்கள் ஆவர். 1990இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் முதலியோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஏன் கைக்கு வரவில்லை என்று கேட்டது. வேலையை அளந்தபோது குறைவாக இருந்தது, பதிவேட்டில் அப்படித்தான் உள்ளது என்பது அலுவலர்களின் பதில். அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அது அரசு இரகசியம் என்றனர். தகவல் உரிமை இயக்கம் இந்த இடத்தில்தான் பிறந்தது எனலாம்.

1994 திசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. வருகைப் பட்டியலில் உள்ள பெயர்களும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை அந்தந்தப் பெயருக்கு உரியவர்களே எழுந்து கூறினர். 1996இல் பியாவர் நகரில் 40 நாட்கள் அறப்போராட்டம் நடந்தது. இதன் பயனாக ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெற இராசத்தான் ஊராட்சி விதிகளில் வழி செய்யப்பட்டது. இந்தியத் தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் தலைமைச் செயலகத்தில் இல்லை, ஊராட்சி அலுவலகத்தில் உள்ளது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு (1997). ஆனால் அச்சட்டத்தில் விதியைவிட விலக்குகளே மிகுதி. எனவே அது பெரிதாகப் பயன்படவில்லை. தில்லியில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி, பரிவர்த்தன் என்னும் அமைப்பு சுந்தர்நகரி பகுதியின் 68 மாநகராட்சிப் பணிகளின் ஆவணங்களைப் பெற்றது. 2002 திசம்பரில் மக்கள் முன் அவற்றைச் சரிபார்த்தபோது, 1.3 கோடி ரூபாய்ப் பணிகளில் ஏறத்தாழ 70 இலட்சம் ரூபாய்க்கான வேலை களத்தில் இல்லை என அவ்வமைப்பு கணக்கிட்டது. நாடு முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தில் உள்ளாட்சியின் இடம்

சட்டத்தின் 2ஆம் பிரிவு, அரசமைப்பின் வழி நிறுவப்பட்ட தன்னாட்சி அமைப்புகளைப் "பொது அதிகார அமைப்பு" என வரையறுக்கிறது. 73ஆம், 74ஆம் அரசமைப்புத் திருத்தங்களால் ஊராட்சிகளும் நகராட்சிகளும் அரசமைப்பு ஏற்பைப் பெற்றுள்ளதால், தமிழ்நாட்டின் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உட்பட எந்த உள்ளாட்சியும் இச்சட்டத்துக்கு வெளியே இல்லை. பதில் தரும் கடமை தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருடையது அன்று, பொதுத் தகவல் அலுவலராக அறிவிக்கப்பட்ட அலுவலருடையது. ஆகவே தேர்தல் நடைபெறாமல் தனி அலுவலர்கள் பொறுப்பில் உள்ளாட்சி இருக்கும் காலத்திலும் உரிமை அப்படியே தொடர்கிறது.

"தகவல் பெறுதல்" என்பது நகல் பெறுவது மட்டுமன்று. கோப்பைப் பார்வையிடுதல், குறிப்பெடுத்தல், சான்றிட்ட நகல் பெறுதல், மின்வடிவில் பெறுதல், நடைபெறும் பணியை நேரில் ஆய்வு செய்தல், பயன்படுத்தப்படும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். சாலையில் இடப்படும் சல்லியையோ சிமெண்டுக் கலவையையோ மாதிரியாகக் கேட்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை.

உள்ளாட்சி ஆவணங்கள்

எதைக் கேட்பது என்று அறிய, அலுவலகத்தில் எது எழுதப்படுகிறது என்று அறிந்திருக்க வேண்டும். மன்றத் தீர்மானப் புத்தகம், கிராம சபைத் தீர்மானங்கள், ரொக்கப் புத்தகம், செலவுச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், வரிக் கேட்புப் பதிவேடு, கட்டட அனுமதிக் கோப்பு, ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள், தணிக்கை அறிக்கை, பொதுவாகப் புறம்போக்கு நிலம் தொடர்பான கடிதங்கள் என்பன உள்ளாட்சிகளில் வழக்கமாக இருப்பவை.

கட்டுமானப் பணிகளைப் பொறுத்தவரை மிக முக்கியமானது அளவுப் புத்தகம் ஆகும். அலுவலக வழக்கில் இது "எம் புக்" எனப்படும். முடிந்த வேலையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றைப் பொறியியல் பிரிவினர் களத்தில் அளந்து இதில் பதிகின்றனர். ஒப்பந்தக்காரருக்கு வழங்கப்படும் தொகை இந்த அளவுகளைக் கொண்டே கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு தெருவின் சிமெண்டுச் சாலை 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனம் எனப் பதிவாகியிருந்தால் கற்காரையின் அளவு 54 கன மீட்டர். உண்மையில் கனம் 0.10 மீட்டர்தான் என்றால் இடப்பட்டது 36 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டுமே உள்ளது. நீள அகலத்தைச் சரிபார்க்க ஓர் அளவு நாடா போதும். கனத்தைச் சாலையின் ஓரத்தில் காணலாம். மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பட்டியல் தொகை வழங்கிய செலவுச் சீட்டு ஆகிய நான்கையும் ஒன்றாகக் கேட்பது நல்லது. இவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தால் ஒப்பிட இயலாது.

இவற்றுள் சிலவற்றைக் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 4. வரவு செலவுத் திட்டம், மானியத் திட்டங்களின் பயனாளிகள், சலுகையும் அனுமதியும் பெற்றவர்கள் முதலிய 17 வகைத் தகவல்களை ஒவ்வொரு அலுவலகமும் தானாக முன்வந்து வெளியிட்டு, உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். சட்டத்தின் மிகச் சிறந்த பகுதியும், மிகக் குறைவாகப் பின்பற்றப்படும் பகுதியும் இதுவே.

விண்ணப்பம்

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். வெள்ளைத்தாள் போதுமானது. பெயர், முகவரி, தேவைப்படும் தகவல் ஆகியவற்றை எழுதி, தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு வழக்கமாக 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புவர். ரொக்கமாகவும் வரைவோலையாகவும் செலுத்தலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால் அதை எழுத்தில் வடிக்க உதவுவது தகவல் அலுவலரின் கடமை. ஆந்திரப் பிரதேசம் ஊர் நிலை அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணமே விதிக்கவில்லை. தமிழ்நாடும் இதைப் பின்பற்றியிருக்கலாம்.

தகவல் அலுவலரின் பதவிப் பெயர் தெரியாவிட்டால் "பொதுத் தகவல் அலுவலர்" என்று எழுதி அலுவலக முகவரியை இட்டால் போதும். கோரிய ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால், விண்ணப்பத்தை 5 நாட்களுக்குள் அங்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 6(3). "எங்களிடம் இல்லை" என்று மட்டும் கூறித் திருப்பி அனுப்புவது சட்டப்படியான பதில் ஆகாது. அனுப்பியதற்குச் சான்று தேவை. பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், இப்போது விரைவு அஞ்சலில் அனுப்பி இரசீதைப் பாதுகாக்க வேண்டும். நேரில் கொடுத்தால் இரண்டாம் படியில் தேதியுடன் முத்திரை பெறலாம்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்க முடியாது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் ஆணை, விண்ணப்பதாரர் காரணம் கூற வேண்டும் என்றது. சட்டத்தின் 6(2) பிரிவுக்கு அது நேர்மாறாக இருந்தமையால், நீதிமன்றமே சில நாட்களில் அப்பகுதியை நீக்கிக்கொண்டது.

கேள்வியின் வடிவம் மிக முக்கியமானது. "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்பது மனக்குறை. அதற்குத் "நிதி வந்தவுடன் பரிசீலிக்கப்படும்" என்ற பதிலே வரும். அலுவலகத்தில் உள்ள தகவலைத் தருவதே கடமை, இல்லாத ஒன்றை உருவாக்கித் தருவதோ கருத்துக் கூறுவதோ கடமை அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் தெளிவாக்கியது. எனவே "இத்தெருவில் சாலை அமைக்கக் கோரி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பெறப்பட்ட மனுக்கள் மீதான கோப்பின் குறிப்புப் பக்கங்களது நகல்" என்று கேட்பது பயன் தரும். காரணம் எதுவாயினும் அது அக்குறிப்புகளில் எழுதப்பட்டிருக்கும். கால வரம்பு குறிக்காமல் "அனைத்து ஆவணங்களும்" என்று கேட்டால், அலுவலகத்தின் ஆள்பலத்தைப் பெருமளவில் திசைதிருப்பும் எனக் கூறி வேறு வடிவில் தர அலுவலருக்கு வாய்ப்புண்டு. அத்தகைய நிலையில் முதலில் கோப்பைப் பார்வையிடக் கோரி, தேவையான பக்கங்களை மட்டும் நகலெடுப்பது சிக்கனமானது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை.

கால வரம்பும் மேல்முறையீடும்

30 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பானது எனில் 48 மணி நேரம். நகல் கட்டணம் செலுத்தக் கோரிய நாளுக்கும் செலுத்திய நாளுக்கும் இடைப்பட்ட காலம் கணக்கில் சேராது. காலம் கடந்துவிட்டால் தகவலை இலவசமாகவே தர வேண்டும். பதிலே இல்லாவிடில் அது மறுப்பாகக் கருதப்படும்.

முதல் மேல்முறையீட்டை அதே அமைப்பில் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள அலுவலரிடம் 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். அவர் 30 நாட்களில், காரணம் பதிந்தால் அதிகபட்சம் 45 நாட்களில், முடிவு செய்ய வேண்டும். அதன் பின் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். மறுத்தது சரியே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தகவல் அலுவலரைச் சேர்ந்தது. தக்க காரணமின்றித் தாமதித்தவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். இத்தொகை அலுவலரின் சொந்தப் பொறுப்பு என்பதால்தான் இச்சட்டத்துக்கு அலுவலகங்களில் மதிப்பு உண்டு.

பிரிவு 18இன் கீழ்ப் புகாரும் செய்யலாம். ஆனால் புகாரின் மீது தண்டம் விதிக்கலாமே தவிர தகவலைத் தருமாறு ஆணையிட முடியாது, அதற்குப் பிரிவு 19இன் கீழ் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று 2011இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆவணமே தேவை எனில் புகாரை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண்.

தனிநபர் தகவல் என்னும் மறுப்பு

உள்ளாட்சிகளில் பாதுகாப்பு, வெளியுறவு போன்ற விலக்குகளுக்கு இடமில்லை. அடிக்கடி கூறப்படும் காரணம் "மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்" என்பதே. முன்பு பிரிவு 8(1)(ஒ) முதலான உட்பிரிவுகளின் வரிசையில் இறுதியாக அமைந்த தனிநபர் தகவல் விலக்கு, பொதுச் செயற்பாட்டோடு தொடர்பற்ற அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலுக்கு மட்டுமே பொருந்தியது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற தொடரும் அதில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வரம்புகளை நீக்கி, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என மாற்றியது. இத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

வீட்டு வசதித் திட்டப் பட்டியலும் கூலி வருகைப் பட்டியலும் பெயர்களால் ஆனவை. பெயர்களை நீக்கிவிட்டால் கோட் கிரானாவில் நடந்தது போன்ற சரிபார்ப்பு நடக்க வழியில்லை. ஆயினும் இரண்டு வாயில்கள் திறந்தே உள்ளன. பொதுநலன் மேலோங்கும்போது விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்னும் பிரிவு 8(2) நீக்கப்படவில்லை. பயனாளிகளின் விவரத்தை வெளியிட வேண்டும் என்னும் பிரிவு 4இன் கடமையும் மாறவில்லை. விண்ணப்பத்திலேயே இவ்விரண்டையும் சுட்டிக்காட்டலாம். காரணம் கூறத் தேவையில்லை என்ற பொது விதி இருந்தாலும், பெயர்ப் பட்டியல்களைப் பொறுத்தவரை பொதுநலனை ஓரிரு வரிகளில் விளக்குவதே அறிவுடைமை. விலக்குக்குரிய பகுதியை மறைத்து எஞ்சியதைத் தருமாறு பிரிவு 10இன் கீழும் கோரலாம்.

விண்ணப்பதாரரின் பாதுகாப்பு

உள்ளாட்சியில் கேட்பவரும் கேட்கப்படுபவரும் பெரும்பாலும் ஒரே ஊரினர். விண்ணப்பம் அலுவலகத்தை அடைந்த அன்றே ஒப்பந்தக்காரருக்கும் செய்தி எட்டிவிடுவது அரிதன்று. சார்க்கண்டின் பலாமூ பகுதியில் ஊரக வேலைத் திட்டச் சமூகத் தணிக்கையில் ஈடுபட்டிருந்த லலித் மேத்தா 2008 மே மாதத்திலும், புனே அருகே தளேகாவில் நில முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த சதீசு செட்டி 2010 சனவரியிலும் கொல்லப்பட்டனர். தவறுகளை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் இயற்றப்பட்ட சட்டம் ஆண்டுகள் பல கடந்தும் நடைமுறைப்படுத்தப்படவில்லை. இதனால் தனியொருவராக அன்றி, பலர் தத்தம் பெயரில் ஒரே ஆவணத்தைக் கோருவதும், கிடைத்த நகலைக் கிராம சபையில் உடனே படித்துவிடுவதும் நல்ல தற்காப்பு எனக் கருதப்படுகின்றன. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட தகவலுக்காக ஒருவரை மிரட்டுவதில் பயன் குறைவு.

இலங்கையில்

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 19ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தகவல் பெறுதலை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை ஆகியவற்றின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தகவல் தரப்படுமா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.