கண்ணாடிக்குள் நிற்கும் மற்றவள்

மஃரிபுக்குப் பிறகு கண்ணாடி பார்க்கக் கூடாதென்பார் என் உம்மாவின் உம்மா. ஏனென்று கேட்டால், "உன்னப்போல இன்னொண்டு நிற்கும்" என்பார். அந்த இன்னொன்றைப் பிற்காலத்தில் திரைப்படங்களில்தான் கண்டேன்.

1913இல் வெளியான 'பிராக் நகர மாணவன்' என்ற ஜெர்மனியப் படத்தில், தன் அறையிலுள்ள எதையும் எடுத்துக்கொள்ளலாமென ஓர் ஏழை மாணவன் பொன்னுக்காக ஒப்பமிடுகிறான். வந்தவன் எடுத்துச் செல்வதோ கண்ணாடியிலிருந்த பிம்பத்தை. முடிவில் பிம்பத்தைச் சுட்ட மாணவனே செத்து விழுகிறான். இருவராகவும் நடித்தவர் போல் வெகனர். வில்லையின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியை எடுப்பதே அக்காலச் சூட்சுமம்.

இந்தியாவில் 1917இல் பால்கேயின் 'லங்கா தகனம்' படத்தில் சாளுங்கே இராமராகவும் சீதையாகவும் தோன்றினார். 1940இல் 'உத்தம புத்திர'னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்றார். இவை பயமுறுத்தவில்லை, ஆளுக்கோர் உடல் இருந்தது. ஓருடலில் இருவர் என்றபோதே அச்சம் பிறந்தது. 1993இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' ஷோபனாவுக்குத் தேசிய விருதைத் தந்தது. அதே கதையை பி. வாசு 2004இல் கன்னடத்திலும், 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழிலும் எடுத்தார். இங்கே கண்ணாடியின் வேலையைச் செய்வது, பூட்டிய அறையிலிருக்கும் நடனக்காரியின் ஓவியம்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இருந்தபோது நண்பர்களோடு 'சந்திரமுகி' பார்த்தேன். மனநல மருத்துவர் வென்றதைப் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

பிறகு மாத்தளை மாவட்டத்துக் கிராமமொன்றில் நியமனம் கிடைத்தது. சாதாரண தரம் படித்த மாணவி ஒருத்திக்குக் கலியாணம் பேசினார்கள். அந்த வாரமே அவள் மௌத்தாகிப்போன மாமியின் குரலில் பேசத் தொடங்கினாள். நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். பேசுவது யாரென்றே எல்லோரும் கேட்டார்கள். அந்தக் குரல் சொன்னதோ ஒன்றுதான்: "புள்ளய ஸ்கூலுக்கு விடுங்க."

முற்றத்தில் நின்ற நானும் அதைக் கேட்டேன். வாய் திறக்கவில்லை. அவள் பரீட்சை எழுதவில்லை.

படத்தில் வந்த மருத்துவர் செய்தது பெரிய வித்தையல்ல. உள்ளே இருந்தவள் என்ன கேட்கிறாள் என்று காதுகொடுத்தார். அவள் பழிதீர அரசனுக்குப் பதில் ஒரு பொம்மையை எரியவிட்டார். நாங்களோ அவளை எரிச்சலோடு அடக்கினோம்.

இப்போதும் வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென மாறிப் பேசினால், யார் பேசுவதென்று நான் கேட்பதில்லை. என்ன வேண்டுமென்று கேட்கிறேன்.