ஆணி முத்தும் ஐ5-உம்: நடுத்தர விலைப் புரொசசரின் கதை, மன்னாரிலிருந்து

பேசாலையில் இருக்கும் என் சித்தி மகன் உயர்தரம் முடித்துவிட்டுக் கலியாண வீடியோ எடிட் பண்ணத் தொடங்கியிருக்கிறான். போன மாதம் அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அண்ணா, அம்மாட சீட்டுக்காசு வந்திருக்கு. கொம்பியூட்டர் ஒண்டு பூட்டப் போறன். ரைசன் 5 5600 எடுக்கிறதோ, ஐ5-12400 எடுக்கிறதோ? கேமும் விளையாடோணும், வேலையும் செய்யோணும். கடைக்காரர் ஒண்டு சொல்றார், யூடியூப்காரன் வேற ஒண்டு சொல்றான்."

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் சீட்டுக்காசு ஒரு தரம்தான் வரும். பிழைத்துப்போனால் அடுத்த சீட்டு விழும்வரை பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அதனால் அவனுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதினேன். எழுதும்போதுதான் இந்த இரண்டு பெட்டிகளும் ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பதற்குப் பின்னால் நாற்பது வருடச் சண்டை ஒன்று இருப்பதை அவனுக்குச் சொல்லவேண்டும்போல் இருந்தது. அதைச் சொல்ல எங்கள் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம்.

கொட்டும் பெட்டியும்

சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி. இந்தக் கரையோரம் முழுக்க ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தது. பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் எங்கள் இரண்டு கரைகளிலிருந்தும் தமிழர்களும் வந்து குளித்தார்கள். 1906-இல் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் இளம் அதிகாரியாக வேலை செய்தவர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் வர்ஜீனியா வூல்ஃபின் கணவர்.

படகு கரைக்கு வந்ததும் சிப்பியைக் 'கொட்டு' எனப்படும் வேலியடைப்புக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் ஏலம் போகும். வாங்குபவர் சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. ஆயிரம் சிப்பிக்குள் ஒரு குடும்பத்தை உயர்த்தும் முத்தும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம்.

முத்து வெளியே வந்த பிறகுதான் அடுத்த வேலை. 'பெட்டி' என்று சொல்லப்பட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதலாவதில் 20 துளை, பிறகு 30, 50, 80 என்று போய்க் கடைசியில் 1000 துளை. துளை கூடக்கூட அதன் அளவு சிறுக்கும். எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுதான் அந்த முத்தின் அளவு. அதற்குப் பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். குறையே இல்லாதது ஆணி. அடியில் கிடப்பது தூள். ஒரே கடல், ஒரே பார், ஒரே நாள் குளித்தது. விலை மட்டும் வானத்துக்கும் பூமிக்கும்.

புரொசசரும் கிட்டத்தட்ட இப்படித்தான் விலைபோகிறது. வட்டமான சிலிக்கன் தகடு ஒன்றில் நூற்றுக்கணக்கான சிப்புகளை ஒன்றாக அச்சடிக்கிறார்கள். எல்லாம் ஒரே வடிவம். ஆனால் தூசியாலும் நுண்ணிய பிழைகளாலும் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது. சோதித்துப் பார்த்து நல்லதை மேல் விலைக்கும், ஒரு பகுதி பழுதானதை அந்தப் பகுதியை அணைத்துவிட்டுக் கீழ் விலைக்கும் விற்கிறார்கள். தம்பி கேட்ட ரைசன் 5 5600-க்குள் இருப்பது எட்டு கோர் கொண்ட சிப். அதில் இரண்டு அணைக்கப்பட்டிருக்கும். ஐ5-12400-க்குப் பின்னால் 'எஃப்' வந்தால், உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி அணைக்கப்பட்டது என்று அர்த்தம். சில நேரம் பழுதே இல்லாததையும், அந்த விலைக்கு ஆள் இருப்பதால், அணைத்து விற்பார்கள்.

ஆகவே 'மிட் ரேஞ்ச்' என்பது தனியாக விளைகிற சரக்கு இல்லை. சல்லடையின் நடுத்தட்டில் தங்கியது. அந்த நடுத்தட்டில் எவ்வளவு நல்லதை விடுவது என்று கம்பனி தீர்மானிக்கிறது. அதைத் தாராளமாக விடவைப்பது போட்டி.

ஐ.பி.எம். கேட்ட இரண்டாவது ஆள்

இன்டெல் தொடங்கியது 1968-இல், ஏ.எம்.டி. 1969-இல். தொடங்கியவர்கள் ஃபேர்சைல்ட் என்ற ஒரே கம்பனியிலிருந்து வெளியே வந்தவர்கள். கோர்டன் மூரும் றொபர்ட் நொய்சும் இந்தப் பக்கம், ஜெரி சாண்டர்ஸ் அந்தப் பக்கம்.

1981-இல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது உள்ளே இருந்தது இன்டெலின் 8088. ஆனால் ஐ.பி.எம். ஒரு நிபந்தனை போட்டது. ஒரே ஆளை நம்பி இருக்க முடியாது, இதே சிப்பைச் செய்துதர இரண்டாவது ஒரு கம்பனி வேண்டும். அதனால் 1982-இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் ஒப்பந்தம் செய்தன. எங்கள் ஊரில் ஒரே ஒரு சம்மாட்டியிடம் மட்டும் மீன் விற்கிறவனின் நிலை ஐ.பி.எம்.முக்கு விளங்கியிருந்தது.

1985-இல் 386 வந்ததும் இன்டெல் கையை இழுத்துக்கொண்டது. வடிவத்தைத் தரமாட்டோம் என்றது. வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. ஏ.எம்.டி. தானே ஒரு 386-ஐச் செய்து 1991-இல் சந்தைக்கு விட்டது. இன்டெலின் வேகமான 386 33 மெகாஹேர்ட்ஸ், இவர்களுடையது 40. அன்றிலிருந்துதான் கடைக்குப் போகிறவனுக்கு "எது எடுக்கிறது?" என்ற கேள்வியே உண்டானது. எண்ணை வணிகச் சின்னமாகப் பதிய முடியாது என்று நீதிமன்றத்தில் ஆனதும், 1993-இல் வந்த அடுத்த சிப்புக்கு 586 என்று வைக்காமல் 'பென்டியம்' என்று பெயர் வைத்தார்கள்.

கரண்ட் இல்லாத தசாப்தம்

அந்த வருடங்களில் மன்னார் எங்கே இருந்தது? 1990-இல் தலைமன்னார் ரயில் நின்றது. அதே வருடம் ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்பட வடக்கு முழுவதிலிருந்தும் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அடம்பன், மடுப் பக்கம் பொருளாதாரத் தடை. பற்றரியும் எரிபொருளும்கூடத் தடைப்பட்ட பொருட்கள். 1998-இல் உலகத்துப் பெடியள் செலரோன் 300ஏ என்ற மலிவுச் சிப்பை 450 மெகாஹேர்ட்ஸ் வரை ஏற்றி, விலை கூடிய பென்டியம் 2-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 'மலிவானதை வாங்கி மேல் தரத்து வேலை வாங்கலாம்' என்ற ஆசை பிறந்த இடம் அதுதான். எங்கள் அண்ணாமார் அந்த நேரம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1999-இல் அத்லோன், 2003-இல் அத்லோன் 64 என்று ஏ.எம்.டி. முன்னுக்கு வந்ததும், 2006-இல் கோர் 2 டுவோவால் இன்டெல் திருப்பி அடித்ததும் எங்கள் தலைக்கு மேலால் போய்விட்டன. 2002 சமாதான காலத்தில் கொஞ்சம் மூச்சு விட்டோம், பிறகு திரும்பவும் சண்டை. ரயில் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது 2015 மார்ச்சில்தான். இருபத்தைந்து வருடம்.

நாலு கோரில் தேங்கிய காலம்

நாங்கள் ஒருவழியாகக் கொம்பியூட்டர் வாங்கத் தொடங்கிய காலத்தில் கடையில் உண்மையில் தெரிவே இருக்கவில்லை. 2009 செப்டம்பரில் முதல் ஐ5 வந்தது, ஐ5-750. நாலு கோர், நாலு திரெட். 2017 ஜனவரியில் வந்த ஐ5-7600கே-யும் நாலு கோர், நாலு திரெட். ஏழு வருடத்துக்கு மேலாக நடுத்தர விலைக்காரனுக்கு ஒரு கோர்கூடக் கூடவில்லை.

ஏன்? எதிர்த்து நிற்க ஆள் இல்லை. 2011-இல் ஏ.எம்.டி. விட்ட 'புல்டோசர்' தோற்றுப்போனது. இரண்டிரண்டு கோர் சில உள்பகுதிகளைப் பங்குபோட்டதால் எட்டு கோர் என்ற விளம்பரத்தை எதிர்த்து வழக்குக்கூட வந்தது. இன்டெல் பக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. கொம்பியூட்டர் செய்கிற கம்பனிகளுக்குச் சலுகை கொடுத்துப் போட்டியாளரை ஒதுக்கியது என்று ஐரோப்பிய ஆணையம் 2009-இல் 106 கோடி யூரோ தண்டம் விதித்தது. அந்தத் தண்டத்தை 2022-இல் நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2009-இலேயே ஏ.எம்.டி.க்கு 125 கோடி டொலர் கொடுத்து இன்டெல் வழக்குகளை முடித்துக்கொண்டது.

2014-இல் லீசா சூ ஏ.எம்.டி.யின் பொறுப்பை எடுத்தார். 2017 ஏப்ரலில் ரைசன் 5 1600 வந்தது. 219 டொலருக்கு ஆறு கோர், பன்னிரண்டு திரெட். அதே வருடம் ஒக்டோபரில் இன்டெல்லும் ஆறு கோர் கொண்ட ஐ5-8400-ஐ 182 டொலருக்கு இறக்கியது. ஏழு வருடத்தில் வராதது ஆறு மாதத்தில் வந்தது.

அதற்குப் பிறகு ஏ.எம்.டி.க்கும் கொழுப்பு ஏறியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 நவம்பரில் ரைசன் 5 5600எக்ஸ் 299 டொலர்.  2022 ஜனவரியில் இன்டெல் ஐ5-12400எஃப்-ஐ 167 டொலருக்கு விட்ட பிறகுதான், ஏப்ரல் 4-இல் 199 டொலருக்கு ரைசன் 5 5600 வந்தது. தம்பி கேட்ட இரண்டு சிப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தவை. ஆகவே இன்டெல் ரசிகர், ஏ.எம்.டி. ரசிகர் என்று சண்டை பிடிக்கிறது வீண் வேலை. எந்தக் கம்பனி ஜெயிக்கிறதோ அடுத்த நாள் அது விலையைக் கூட்டும்.

அதே ஏப்ரல், இங்கே

2022 ஏப்ரல் 4 எங்களுக்கு எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். நாலு நாளைக்கு முதல் நாடு முழுக்க 13 மணிநேர மின்வெட்டு. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 'தம்பபவனி'யின் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன, 100 மெகாவாட்டுக்கு மேல். அதன் அடியில் இருக்கும் வீடுகளிலும் விளக்கு எரியவில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர், மே மாதம் 360-க்குப் போனது. 199 டொலர்ச் சிப் 40,000 ரூபாயிலிருந்து 71,000-க்கு மேல் ஏறியது. வரி, கடைக்காரரின் இலாபம் இன்னும் சேர்க்கவில்லை. கலிபோர்னியாவில் இரண்டு கம்பனி சண்டைபிடித்துக் குறைத்த விலை, பேசாலைக்கு வரும்போது கூடித்தான் வந்தது.

அதனால்தான் எங்களுக்கு இந்தத் தெரிவு விளையாட்டில்லை. பழுதானால் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்கவேண்டும். மின்வெட்டு, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், கடல் உப்புக் காற்று, வெக்கை எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

தம்பிக்கு எழுதியது

கேமுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். நடுத்தரக் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் போட்டு விளையாடினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஃபிரேம் கூடுவதும் குறைவதும் கார்டில்தான் தங்கியிருக்கிறது. அந்த நாலு ஃபிரேமுக்காக மண்டையைப் போட்டு உடைக்காதே.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் இல்லை. கார்ட் இல்லாவிட்டால், அல்லது கார்ட் பழுதானால், திரையில் ஒன்றும் வராது. 'எஃப்' இல்லாத ஐ5-12400-இல் சின்ன கிராபிக்ஸ் ஒன்று உள்ளேயே இருக்கிறது. கார்டை அடுத்த சீட்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு இன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். அதைவிட முக்கியம், அதற்குள் இருக்கும் 'குயிக் சிங்க்' என்ற பகுதி. இப்போதைய கமராக்களில் எடுக்கும் 10 பிட் 4:2:2 எச்.265 வீடியோவை அது நேரடியாக விரித்துக் கொடுக்கும். விலை கூடிய என்விடியா கார்ட்கள்கூட அண்மைக்காலம்வரை அதைச் செய்யவில்லை. கலியாண வீட்டுக்காரர் நாளைக்கு டிரெயிலர் கேட்டு நிற்கும்போது, டைம்லைன் திக்கித்திக்கி ஓடாமல் இருப்பதுதான் உன் சம்பளம். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று 'எஃப்' எடுத்துவிடாதே, இது அதில் இல்லை.

ரைசன் எப்போது சரி? ஏ.எம்.4 சொக்கெட் உள்ள மதர்போர்ட் வீட்டில் ஏற்கெனவே இருந்தால். பழைய ரைசன் 1600, 2600 போட்டு ஓடும் பெரும்பாலான போர்ட்களில் பயோஸ் அப்டேட் செய்துவிட்டு 5600-ஐ வைக்கலாம். போர்ட், ராம் காசு மிச்சம். கார்டும் கையில் இருந்து, வேலை கோடிங்கோ டிசைனோ என்றால், கண்ணை மூடிக்கொண்டு அதை எடு. இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேல்தரச் சிப்புகளில் வோல்டேஜ் பிரச்சினையால் பழுதானதாக 2024-இல் பெரிய கதை ஓடியது. 12-ஆம் தலைமுறை அதில் இல்லை, பயப்படாதே.

எதை எடுத்தாலும் மிச்சக் காசில் முதலில் நல்ல பவர் சப்ளை, அடுத்தது யு.பி.எஸ். கேசை யன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதே, உப்புக்காற்று தின்றுவிடும்.

கொட்டுக்கு வெளியே நின்று ஏலம் கேட்டவனுக்குச் சிப்பியைப் பிளந்து பார்க்க வழி இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது. எந்தச் சிப்பில் கிராபிக்ஸ் இல்லை என்பது பெட்டியிலேயே எழுதியிருக்கும். வாசித்துவிட்டு வாங்கு.

அவன் 'எஃப்' இல்லாத 12400-ஐ எடுத்தான். கார்ட் இன்னும் வாங்கவில்லை. போன கிழமை மெசேஜ் அனுப்பினான்: "அண்ணா, முதல் கலியாணம் முடிச்சுக் குடுத்திட்டன். எடிட் பண்ணேக்க ரெண்டு தரம் கரண்ட் போச்சு. யு.பி.எஸ். காப்பாத்திச்சு."