மாயா பஜார்: லட்டுக்கு முன்னால் வரும் காட்சி

இன்னைக்கு ராஜா, போர், கல்வெட்டு எதுவும் இல்லை. ஒரு சினிமாவோட வரலாறு. 1957-இல் வந்த ‘மாயா பஜார்’.

சின்ன வயசுல எனக்கு இந்தப் படம்னா எஸ்.வி. ரங்காராவ்தான். கல்யாணத்துக்குச் செஞ்சு வெச்ச பலகாரத்தையெல்லாம் கடோத்கஜன் தனி ஆளா தின்கிற பாட்டு. லட்டு தானா எழும்பிப் போய் வாய்க்குள்ள விழும். தெருவுல டிவி இருந்த ஒரே வீட்டுல, தரையில உட்கார்ந்து வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்த்தோம். திருச்சி லோகநாதன் குரல்னு அப்போ தெரியாது. ரங்காராவே பாடுறார்னு நினைச்சேன்.

போன மாசம் அம்மாவோட உட்கார்ந்து முழுப் படத்தையும் மறுபடி பார்த்தேன். லட்டுக்காகக் காத்திருந்த என்னை அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு காட்சி பிடிச்சு நிறுத்திடுச்சு. பாண்டவர்கள் சூதாட்டத்துல எல்லாத்தையும் தோத்து காட்டுக்குப் போயாச்சு. சுபத்திரை, மகன் அபிமன்யுவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் பலராமன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அண்ணன் மகள் வத்சலா அபிமன்யுவுக்குத்தான்னு எப்பவோ பேசி முடிச்சது. இப்போ அண்ணி ரேவதிக்கு அந்தப் பேச்சே கசக்குது. துரியோதனன் மகனுக்குப் பெண் கொடுத்தா நல்லதுன்னு அண்ணனும் சாய்ஞ்சிடுறார். சொத்து போச்சு, சம்பந்தமும் போச்சு. மந்திரம் மாயம் எதுவும் வர்றதுக்கு முன்னாடி படம் இதைத்தான் பேசுது.

இந்த வத்சலா வியாச பாரதத்துல கிடையாது. அங்கே அபிமன்யு கட்டுறது விராட ராஜா மகள் உத்தரையை. வத்சலா கல்யாணம் வாய்மொழியிலும் மேடையிலும் வளர்ந்த கதை. தெலுங்குல அவள் பேர் சசிரேகா. சுரபி நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையா இதை நடிச்சாங்க. நம்ம பக்கம் இது ஏன் இப்படி ஒட்டிக்கிச்சு? எனக்குத் தோணுறது, மாமன் மகள் இங்கே முறைப்பெண். வடக்கே பெரும்பாலான இந்துக் குடும்பங்கள்ல அந்த வழக்கமே இல்லை. உரிமைன்னு ஒண்ணு இருக்கிற ஊர்லதான் அதைக் கொடுக்க மறுத்தா வலிக்கும்.

விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி இதைத் தமிழ், தெலுங்கு ரெண்டுலயும் எடுத்தார். தமிழ்ல அபிமன்யு ஜெமினி கணேசன், தெலுங்குல நாகேஸ்வர ராவ். தமிழ் மாப்பிள்ளையா வர்ற தங்கவேலுவுக்கு நான் இன்னும் சிரிக்கிறேன். ரங்காராவ், சாவித்திரி, கிருஷ்ணனா வர்ற என்.டி. ராமாராவ் ரெண்டுக்கும் பொது. மார்கஸ் பார்ட்லி கேமராவுல உண்டாக்கின நிலா வெளிச்சத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே பாருங்க. 2010-இல் தெலுங்குப் படத்துக்கு வண்ணம் பூசினாங்க. எனக்கு வேண்டாம்.

சாவித்திரியைச் சொல்லாம விட முடியாது. கடோத்கஜன் வத்சலா உருவம் எடுத்த பிறகு, அவங்க ரங்காராவோட மிடுக்கை அப்படியே உடம்புல ஏத்திக்கிறாங்க. சின்ன வயசுல அது வேடிக்கையா இருந்தது. இப்போ பார்த்தா, ஒரே உடம்புல ரெண்டு ஆளை நடிச்சிருக்காங்க.

அப்பா கடை நொடிச்ச வருஷம் நெருங்கின சொந்தத்துல ஒரு கல்யாணம். முதல் பந்தியில உட்கார்ந்த அம்மாவை, “நீங்க நம்ம ஆளுதானே, அப்புறம் சாப்பிடலாம்”னு சிரிச்சுக்கிட்டே எழுப்பிட்டாங்க. எனக்குப் பசி மட்டும்தான் ஞாபகம். அதுக்கப்புறம் இந்தப் படம் டிவியில வரும்போதெல்லாம், சுபத்திரை காட்சியில அம்மா அடுப்புல ஏதோ இருக்குன்னு எழுந்து போயிடுவாங்க. விருந்துப் பாட்டுக்குத் திரும்பி வந்துடுவாங்க. அது ஏன்னு நான் கேட்டதே இல்லை.

இந்த முறை எழுந்து போகலை. லட்டு பறக்க ஆரம்பிச்சதும், என் பக்கம் திரும்பாமலே சொன்னாங்க: “ஒண்ணு விடாம தின்னுடுறான் பாரு. தின்னட்டும்.”