வீட்டு வை-ஃபையும் ஹவாய் தீவும்

வீட்டில் இரண்டு ரௌட்டர்களை கம்பியில்லாமல் இணைத்தால் சிக்னல் முழுதாகத் தெரியும். வேகமோ ஏறக்குறைய பாதியாகிவிடும். இதன் வேர் 1971-ல் இருக்கிறது.

அந்த ஆண்டு ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் கம்ப்யூட்டர் முனையங்களை ரேடியோ அலையால் இணைத்தார்கள். பெயர் அலோஹாநெட். முனையங்கள் அனைத்துக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு முனையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தகவல்கள் மோதி அழியும். மறுபடி அனுப்ப வேண்டும். இதனால் அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்கு சொன்னது.

1997-ல் வந்த 802.11 என்ற வை-ஃபை தரம் 'கேட்டுவிட்டுப் பேசு' என்ற விதியைப் பின்பற்றியது. மோதல் குறைந்தது, காத்திருப்பு போகவில்லை. ஒரே சேனலில் ஒன்று பேசினால் மற்றவை காத்திருக்க வேண்டும். இரண்டாவது ரௌட்டர், முதல் ரௌட்டர் அனுப்பும் ஒவ்வொரு தகவலையும் அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. ஒரு தகவலுக்கு இரண்டு மடங்கு நேரம்!

அதிக வேகத் திட்டத்துக்கு மாதாமாதம் கூடுதல் பணம் கட்டினாலும் இந்த இழப்பு தீராது. முதலில் இரண்டு ரௌட்டர்களையும் லேன் கேபிளால் இணைத்து, வை-ஃபைக்கு வெவ்வேறு சேனல் வைத்துப் பாருங்கள். கேபிள் விலையோடு பிரச்சினை முடிந்துவிடலாம்.