மூன்றாவது வாசகன்

காதல் கடிதத்தை இருவருக்கு மட்டுமேயான அந்தரங்கப் பிரதி என்று சொல்லிப் பழகிவிட்டோம். வேரா பிரிட்டன், ரோலண்ட் லெய்ட்டன் இருவரும் முதல் உலகப்போரின்போது எழுதிக்கொண்ட கடிதங்களை (1998இல் நண்பர்களின் கடிதங்களோடு தொகுப்பாக வந்தன) மறுபடி வாசித்தபோது எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. அங்கே மூன்றாவதாக ஒரு வாசகன் எப்போதும் நிற்கிறான்.

அவன் போரோடு வந்தவனும் இல்லை. 1914இல் இங்கிலாந்தின் பக்ஸ்டன் ஊரில் இவர்கள் நெருங்கியபோது அவளுக்கு இருபது வயது, அவனுக்குப் பத்தொன்பது. தம்பி எட்வர்டின் பள்ளித்தோழன். அந்த மத்தியதர வர்க்கத்தில் மணமாகாத பெண் ஓர் இளைஞனோடு தனியே ரயிலில்கூடப் போக முடியாது, துணைக்கு ஒரு பெரியவர் வேண்டும். 1915 மார்ச் கடைசியில் அவன் பிரான்சுக்குப் போனபிறகு காகிதத்தில்தான் முதன்முதலாகத் தடையில்லாமல் பேசிக்கொள்கிறார்கள். காவலுக்கு வந்த அத்தையின் இடத்தில் ராணுவத் தணிக்கை வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் தணிக்கையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. அதிகாரிகளின் கடிதம் அவர்களுடைய கௌரவத்தை நம்பி விடப்பட்டது; அடிமட்டத் தளத்தில் எப்போதாவது பிரித்துப் பார்ப்பார்கள். சாதாரணச் சிப்பாயின் கடிதத்தையோ அவனுடைய அதிகாரியே படித்துக் கையெழுத்திட வேண்டும். ரோலண்ட் அப்படியொரு அதிகாரி. பகலில் தன் சிப்பாய்கள் மனைவிக்கு எழுதியதைப் படித்துவிட்டு, இரவில் தன் காதலிக்கு எழுத உட்காருகிறவன்! இந்தக் காதலைக் கொண்டாடும் விமர்சகர்கள் இதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சிப்பாய்க்கு இன்னொன்றும் இருந்தது: அச்சிட்ட களத் தபாலட்டை. நலம், மருத்துவமனையில் சேர்ந்துள்ளேன், கடிதம் கிடைத்தது என்று வரிகள் தயாராக இருக்கும். வேண்டாததை அடித்துவிட வேண்டும். தேதியும் கையொப்பமும் தவிர ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும். எழுதுவது அல்ல, அடிப்பதே இங்கே எழுத்து. உன் நினைவாகவே இருக்கிறேன் என்கிற வரி அச்சிலேயே கிடையாது. உச்சகட்டத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்களைப் பிரிட்டிஷ் ராணுவத் தபால் கையாண்டதாகச் சொல்வார்கள். அதில் இப்படிப் பேசியவை எத்தனையோ. அந்த ஜோடிகளுக்குத் தொகுப்பு நூல் ஏது?

சரி, இவர்களிடம் வருவோம். 1915 இலையுதிர்காலத்தில் ரோலண்டின் கடிதங்கள் வறண்டு போகின்றன. பதுங்குகுழியில் காட்டு மனிதனாகிவிட்டேன், நீயெல்லாம் வேறேதோ உலகத்து ஆள் மாதிரி இருக்கிறது என்கிறான். படிப்பை விட்டுத் தாதியாகப் போய், லண்டன் மருத்துவமனையில் புண்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் வேரா. அவளுக்குக் கோபம் வந்ததில் என்ன தப்பு? போர் ஆணின் அனுபவம், பெண் அதன் வாசகி மட்டும் என்கிற சொல்லாடல் அவன் வரிகளில் தானாகவே புகுந்துவிட்டது. பிறகு வருத்தம் தெரிவித்தான். சமாதானமும் ஆனது.

கிறிஸ்துமஸ் விடுப்புக்கு வருகிறவனுக்காக பிரைட்டனில் காத்திருந்தவளுக்கு, டிசம்பர் 23 அன்றே அவன் இறந்த செய்தி 26ஆம் தேதி வந்தது. ஜனவரியில் அவன் உடைகள் வீட்டுக்கு வந்தன, பிரான்சின் சேறும் ரத்தமும் காய்ந்தபடியே. முன்னரண் செய்திகள் எத்தனையோ சல்லடையில் சலிக்கப்பட்ட நாட்டில் இதை மட்டும் யாரும் சலிக்கவில்லை.

மகனைப் பற்றித் தாய் பெயரிடாமல் எழுதிய நூல் 1916இலேயே வெளியாகிவிட்டது. வேரா தன் பக்கத்தைச் சொல்ல 1933 ஆனது. அதற்குள் அவள் அறிந்துகொண்ட ஒரு விஷயம்தான் என்னை அரிக்கிறது. இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு ரோலண்ட் கத்தோலிக்கனாகியிருந்தான். அத்தனை பக்கங்கள் எழுதியவன் அவளுக்கு அதை எழுதவில்லை. ராணுவத் தணிக்கைக்கு அந்தச் செய்தியில் அக்கறையே இருந்திருக்காது. அப்படியானால் அந்த வரியை அடித்தது யார்?