நீரின் மேல்தோல்: கூட்டு அதிர்வெண் நிறமாலை காட்டுவதும் காட்டாததும்

1. சிக்கல்

ஒரு கன சென்டிமீட்டர் நீரில் ஏறத்தாழ 3.3 × 10²² மூலக்கூறுகள் உள்ளன. மேல்முகத்தின் ஒற்றை அடுக்கில் இருப்பவையோ 10¹⁵ அளவே. மூன்று கோடிக்கு ஒன்று. ஆவியாவதும் காற்றின் வாயுக்கள் கரைவதும் இந்த அடுக்கைக் கடந்தே நிகழ்கின்றன. வழக்கமான அகச்சிவப்பு நிறமாலையில் அதன் தடம் உட்புற நீரின் உறிஞ்சலில் மூழ்கிவிடும். கருவியைக் கூர்மையாக்கிப் பயனில்லை. உட்புறக் குறிகையும் சேர்ந்தே வளரும்.

2. சமச்சீர் தரும் வழி

கட்புலனாகும் லேசர் ஒன்றையும் அகச்சிவப்பு லேசர் ஒன்றையும் ஒரே புள்ளியில், ஒரே கணத்தில் பாய்ச்சினால் இரண்டின் அதிர்வெண்களும் கூடிய புதிய ஒளி பிறக்கும். மையச் சமச்சீர் உள்ள ஊடகத்தில் இவ்விளைவு, மின் இருமுனைத் தோராய அளவில், பூச்சியம். உட்புற நீரில் மூலக்கூறுகள் எத்திசையையும் சமமாக நோக்குவதால் அங்கிருந்து ஒளி எழாது. பரப்பில் மேலே காற்று, கீழே நீர் என்பதால் சமச்சீர் குலைகிறது. ஒளி அங்கிருந்தே எழுகிறது. இயற்கை விதியே வடிகட்டியாக அமைந்ததுதான் கூட்டு அதிர்வெண் நிறமாலை எனும் இம்முறையின் உண்மையான பெருமை. 1987இல் பெர்க்லியில் ஒய். ரான் ஷென் குழுவினர் இதைச் செய்து காட்டினர்.

3. காற்றை நோக்கிய பிணைப்பு

1993இல் அதே குழு அகச்சிவப்பு அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றி நீர்ப்பரப்பை ஆராய்ந்தபோது 3700 செ.மீ⁻¹ அருகே ஒரு கூரிய முகடு எழுந்தது. ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்காமல் காற்றுக்குள் நீண்டிருக்கும் ஓ-ஹெச் பிணைப்பின் அதிர்வு அது. பரப்பு மூலக்கூறுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அந்நிலையில் இருப்பதாகக் கணித்தார்கள். நீண்ட சங்கிலி ஆல்கஹால் படலத்தால் பரப்பை மூடியதும் முகடு மறைந்தது. இத்தகைய மறுசோதனை உள்ள முடிவைத் தயக்கமின்றி ஏற்கலாம்.

4. பொருள்கொள்வதில் பிணக்கு

3200, 3400 செ.மீ⁻¹ அருகே எழும் அகன்ற பட்டைகளின் கதை வேறு. முதலாவதைப் ‘பனிக்கட்டி போன்ற’ நீர் என்றும், அடுத்ததை ஒழுங்கு குறைந்த நீர் என்றும் நெடுங்காலம் எழுதிவந்தனர். கனநீர் கலந்து ஓரணுவை மாற்றிப் பார்த்த ஆய்வுகளில் அவ்விரட்டை ஒன்றாகிவிட்டது. எனவே இரட்டைமுகடு இருவகை நீரைக் குறிக்கவில்லை. ஒரே மூலக்கூறுக்குள் அதிர்வுகள் பிணைவதன் விளைவே அதில் பெரும்பங்கு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: குறிகையின் வலிமை மூலக்கூறு எண்ணிக்கையின் இருமடியைச் சார்ந்தது, அவை நோக்கும் திசையையும் சார்ந்தது. முகட்டு உயரத்தை அப்படியே தொகையாகக் கொள்வது பிழை. கனநீர்ச் சோதனை இல்லாமல் பட்டைக்குப் பெயரிடும் கட்டுரையை ஐயத்தோடே படிக்க வேண்டும்.